ஆயாக் கொட்டகையில் ஒரு வண்ணத் துணி

பெற்றோர் அதிகாலையில் வேலைக்காட்டிற்குப் புறப்படும்பொழுது, தம் சிறு பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வது தோட்டப்புற வழக்கமாகும். அங்கே குழந்தைகளுக்கு உணவும் உறக்கமும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவர்தம் கைகளுக்குத்தான் வேலையில்லை. இக்குறையைப் போக்க, கடந்த பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை ஒரே துணியில் வண்ணம் தீட்டச் செய்தோம்.

"எழுத்தைச் சொல்லிக் கொடுக்காமல் சாயத்தைக் கொடுத்து விளையாட விடலாமா?" எனப் பெற்றோர் சிலர் வினவினர். கேள்வி நியாயமானதே, அதற்கு விடை கூறுவது எங்கள் கடமை.

குழந்தை ஏறத்தாழ இரண்டு வயதில் கிறுக்கத் தொடங்குகின்றது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளிவந்த தம் நூலில், இக்கிறுக்கலையே ஓவிய வளர்ச்சியின் முதற்படியாக வகுத்தார். நான்கு வயதளவில்தான் வட்டம் தலையாகின்றது, கோடுகள் காலாகின்றன. தொடக்கத்தில் கிறுக்கும் குழந்தையின் கை தோளிலிருந்தே அசையும். மணிக்கட்டும் விரல்களும் பின்னரே வசப்படும். நாளை பென்சில் பிடித்து அகரம் எழுத வேண்டியவை அவ்விரல்களே. ஆகவே, சிறு கைக்குப் பெரிய துணியும் தடித்த தூரிகையுமே ஏற்றவை.

பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இரண்டை ஒன்றாகத் தைத்துத் தரையில் விரித்தோம். கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மஞ்சள் தூளும் பலகாரத்திற்கு இடும் சாயங்களும் கலந்தோம். வீட்டிற்குப் பூசி எஞ்சிய சாயத்தை ஒருபோதும் கொடுத்தலாகாது. அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஒரு முறைக்கு ஆறு குழந்தைகள் துணியைச் சுற்றி அமர்ந்தனர். சிறிது நேரத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவரும் அடுத்தவர் இடத்திற்கு நகர்ந்தனர். அப்பொழுது, தான் வரைந்த சூரியன்மேல் மற்றொரு பிள்ளை கோடிழுத்ததைக் கண்ட சிறுமியொருத்தி ஓவென்று அழுதாள். துணியைக் கோடிட்டுப் பங்கு பிரித்துவிடலாம் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எண்ணினோம். ஆயாவோ அவளருகே அமர்ந்து, "உன் சூரியனுக்கு அவன் பாதை போட்டிருக்கிறானே, அது எங்கே போகுது கண்ணு?" என்று கேட்டார். சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கோட்டின் முடிவில் ஒரு வீட்டை வரைந்தாள். 'என்னுடையது' என்பது 'நம்முடையது' ஆகும் பாடத்தை அன்று ஆயாவிடமே நாங்கள் கற்றோம்.

எங்கள் பிழையையும் மறைப்பதற்கில்லை. மஞ்சட் கறை நல்ல சட்டைகளில் படிந்து, தாய்மார்க்கு வேலை வைத்துவிட்டது. பழைய சட்டை அணிவித்து அனுப்புமாறு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

அத்துணி இன்று கொட்டகைச் சுவரில் தொங்குகின்றது. பெற்றோர்களே, பிள்ளையை அழைத்துச் செல்ல வரும்பொழுது சற்றே நின்று பாருங்கள். "இது என்ன கிறுக்கல்?" என்று கேளாதீர்கள், "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை பேசும். அப்பேச்சே எழுத்திற்கு முந்திய பாடம். அடுத்த விடுமுறைக்கும் துணி வேண்டும். பழைய விரிப்பு இருப்பின் பள்ளிக்குக் கொடுத்துதவுங்கள்.