கடனட்டையின் சலுகை குறையும்போது



மலையகத்திலே சம்பளக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இலர். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் நிச்சயமான அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வரவுக்கு 60, நிர்ணயித்த கொழுந்தைப் பறித்தால் 140, விலைப்பங்கு 30 என ஏனையவை சேர்ந்தன. 2019இல் அடிப்படை 700 ஆயிற்று. ஆனால், வரவுக்கும் கொழுந்துக்கும் உரிய ஊக்கத்தொகைகள் நீங்கின. விலைப்பங்கு 50 சேர மொத்தம் 750. இருநூறு ரூபா கூடியதென மகிழ்ந்தவர், கூட்டிப் பார்த்தபோது கண்டது இருபது ரூபாவே.

அதே கண்கொண்டு கடனட்டையையும் நோக்குதல் வேண்டும். இன்று ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர் பலரிடம் இவ்வட்டை உண்டு. செலவிட்டதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகக் கூறும் ‘கேஷ்பேக்’ சலுகையே பலரை ஈர்த்தது. இப்பணம் வங்கியின் கொடையன்று. அட்டையால் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் கடைக்காரர் கட்டணம் செலுத்துகிறார்; அதில் ஒரு சிறு கூறே நம்மிடம் திரும்புகிறது.

வங்கி இச்சலுகையைக் குறைக்கையில் வீதத்தை அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. மாத உச்சவரம்பு புகும். மின்கட்டணமும் எரிபொருளும் விலக்கப்படும். ஆகக்குறைந்த செலவுத் தொகை உயரும். மாதம் 40,000 ரூபா செலவிடுபவருக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 4,800 ரூபா கிடைக்கிறதென வைப்போம். மாத உச்சவரம்பு 250 ரூபா என்றானால் அது 3,000 ஆகும். ஆண்டுக் கட்டணமும் 3,000 எனின் மிஞ்சுவது யாதுமில்லை. இதனை ஈடுசெய்யக் கூடுதலாகப் பொருள் வாங்குவோரும் உளர்! ஐந்நூறு ரூபா பெறப் பத்தாயிரம் ரூபாவுக்கு வேண்டாத பொருளை வாங்குவது என்ன கணக்கோ, அறியேன்.

வட்டியின் கதை இதனினும் கடிது. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 18 என உச்சவரம்பு விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், அது நீக்கப்பட்டது. வட்டி முப்பதையும் கடந்தது. 2023 ஆகஸ்டில் 28 என மீண்டும் வரம்பு வந்தது. அவ்வீதத்தில் 40,000 ரூபா நிலுவைக்கு ஒரு மாத வட்டி ஏறக்குறைய 933 ரூபா. மீளளிப்போ 400 ரூபா. ஆகவே, நிலுவையை முழுவதும் கட்ட இயலாதவருக்கு எச்சலுகையும் சலுகையன்று. அவர் முதலிற் கடனைத் தீர்க்கட்டும்.

முழுவதும் கட்டுபவர், விதி மாறியதும் புதிய கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு வங்கியைக் கேட்கக் கூசவேண்டியதில்லை. கேட்டவர்க்குப் பலவேளை கிடைக்கிறது. முன்னறிவித்தலின்றி விதி மாறியதாகக் கருதினால் வங்கிக்கு எழுத்திலே முறையிடலாம். தீராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் உண்டு. அட்டைக்கெனக் கடைக்காரர் மேலதிகப் பணம் கேட்பாராயின் அங்கே காசாகக் கொடுப்பதே இலாபம்.

அட்டையை ஒப்படைக்கத் துணிந்தவர் ஒன்றை அறிக. கத்தரியால் வெட்டியெறிந்தால் கணக்கு முடிந்துவிடாது. சேர்ந்துள்ள மீளளிப்பை முதலிற் பெற்றுக்கொண்டு, தானாகக் கழிக்கப்படும் தொலைபேசி, காப்புறுதிக் கட்டணங்களை வேறு வழிக்கு மாற்றி, நிலுவையைத் தீர்த்து, கணக்கு மூடப்பட்டது என்னும் கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்குதல் வேண்டும்.