கூண்டுக்குள் வடியும் பித்தம்

பித்தப்பைக் கல்லுக்கும் சில ஈரல் நோய்களுக்கும் நம்மூர் மருத்துவர்களும் எழுதித் தரும் ஒரு மாத்திரை உண்டு: உர்சோடீஆக்சிகோலிக் அமிலம். அந்தப் பெயரின் தொடக்கத்திலேயே ஒரு கரடி இருக்கிறது. லத்தீனில் 'உர்சஸ்' என்றால் கரடி.

சீன மருத்துவத்தில் கரடிப் பித்தம் பழைய சரக்கு. கி.பி. 659-இல் டாங் அரசு தொகுத்த மருந்து நூலிலேயே அது இருக்கிறது. உடல் சூடு தணிய, கண் தெளிய, ஈரல் சீராகக் கொடுத்தார்கள். காண்டாமிருகக் கொம்பைப் போல இது வெறும் நம்பிக்கை அல்ல. கரடிப் பித்தத்தில் மருந்து இருப்பது உண்மை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1927-இல் அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். 1950-களில் ஆய்வகத்திலேயே தயாரித்துவிட்டார்கள். இன்று பெரும்பாலும் இறைச்சிக்கூடங்களில் மிஞ்சும் மாட்டுப் பித்தத்திலிருந்தே அது தயாராகிறது.

பிறகு ஏன் கரடி?

1980-களில் வட கொரியாவிலிருந்து ஒரு முறை சீனாவுக்கு வந்தது. கரடியைக் கொல்லாமல், வயிற்றில் ஆறாத துளையிட்டுப் பித்தப்பையிலிருந்து நாள்தோறும் வடித்தெடுக்கும் முறை. காட்டுக் கரடிகள் பிழைக்கும் என்பதுதான் பண்ணைக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்தக் கணக்கு பலிக்கவில்லை. பித்தம் தாராளமாகக் கிடைத்ததும் ஷாம்பு, மது என்று புதிய சரக்குகள் முளைத்தன. காட்டுக் கரடியின் பித்தமே வீரியமானது என்று கூடுதல் விலை கொடுப்பவர்களும் குறையவில்லை. நெஞ்சில் பிறை வடிவக் குறி கொண்ட ஆசியக் கருங்கரடியின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கைப்படி 1979 முதல் தடை செய்யப்பட்டது. வேட்டை இன்னும் நிற்கவில்லை.

பண்ணைக் கரடியின் நிலை சொல்லக் கூசுவது. திரும்பிப் படுக்கவும் இடமில்லாத கூண்டுகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தவை அவை. ஜில் ராபின்சன் 1998-இல் தொடங்கிய அனிமல்ஸ் ஏசியா அமைப்பு சீனாவின் செங்டுவில் மீட்டு வைத்த கரடிகளிடம் மருத்துவர்கள் கண்டது சீழ் பிடித்த பித்தப்பை, கற்கள், ஈரல் புற்றுநோய். அப்படிப்பட்ட உடலிலிருந்து வடிவதை நோயாளிக்குக் கொடுப்பது எப்படி மருத்துவமாகும்?

வியட்நாமில் பித்தம் எடுப்பது சட்டவிரோதம். தென் கொரியா 2026 ஜனவரி முதல் கரடிப் பண்ணைகளைத் தடை செய்துவிட்டது. சீனா, 2020 பிப்ரவரியில் காட்டு விலங்கு உண்பதைத் தடுத்தபோதும் மருந்துப் பயன்பாட்டை விட்டுவைத்தது. அடுத்த மாதமே கரடிப் பித்தம் கலந்த ஊசிமருந்தைக் கொரோனா சிகிச்சைக்குப் பரிந்துரைத்தது. அதே அமிலம் மாத்திரையாக மருந்துக் கடையில் கிடைக்கும்போது, அந்தக் கூண்டுகள் நீடிக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.