ஆடி மாதத்து யானைகள்

ஆடி மாதத்தில் கொழும்புக்குப் பிரயாணம் போகிறவனைப் பார்த்து விவேகிகள் சிரிப்பார்கள். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரையில் இலங்கையின் மேற்குக் கரையையும் தென்கரையையும் தென்மேற்குப் பருவக்காற்று தன் வசத்தில் வைத்திருக்கும் அந்தக் காலத்தில், கடல் கலங்கிப் பழுப்பேறி, காலிமுகத்திடலின் கரைச்சுவரில் மோதி, உலாவ வந்தவர்களின் வேஷ்டியை நனைத்துவிட்டுத்தான் திரும்பும். ஆயினும் விடுதி வாடகை இறங்கியிருக்கும். ரயிலில் ஜன்னலோரம் கிடைக்கும். 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்டு நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குவதற்கென்று அமைத்துக்கொடுத்த அந்த நீண்ட திடலிலே இறால் வடை வாங்குவதற்கு யாரையும் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சிக்கனக்காரனாகிய நான் இந்த லாபங்களையெல்லாம் கணக்கிட்டுத்தான் புறப்பட்டேன். கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு: பிரயாணிகள் குறைந்துபோன காலத்தில், அவர்களை நம்பிப் பிழைக்கிறவர்கள் குறைந்துபோவதில்லை. மார்கழியில் ஆயிரம் பேர்மீது பரவிக் கிடக்கிற அவர்களுடைய கவனம், ஆடியில் அகப்பட்ட ஒருவன்மேலேயே குவிகிறது.

முதல் நாள் மாலை, வடையின்மேல் பதிந்திருந்த இறாலின் மீசையை நான் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மடக்கிய குடையுமாக ஒரு மனிதர் பக்கத்தில் வந்து நின்றார்.

“சம்பல் காணாது ஐயா, இன்னும் கொஞ்சம் கேளுங்கோ” என்றார். அவர் சொன்னது உண்மை, சம்பல் போதவில்லைதான். இப்படிச் சின்ன உண்மை ஒன்றில் தொடங்கிய சம்பாஷணையில், எங்கே தங்கியிருக்கிறேன் என்று அவர் கேட்டார், நான் சொன்னேன், உடனே அவர் முகம் மலர்ந்து, “அட, அங்கதானே நான் குசினியில வேலை! இண்டைக்கு லீவு” என்றார். விடுதியின் பெயரைச் சொன்னவன் நான், அவர் அல்லர், என்பது இரவு படுக்கையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. “கங்காராமையில பெரஹெரா ஐயா. இருபத்தஞ்சு யானை. இண்டைக்கு மட்டுந்தான், ஆறு மணியோட முடிஞ்சிடும்” என்று அவர் சொல்லி வாய்மூடு முன்னமே, ஓட்டோ ஒன்று இஞ்சின் ஓடியபடி எங்கள் அருகில் நின்றுகொண்டிருந்தது.

பேரவாவிக் கரையிலே இருக்கிற கங்காராமை விகாரையில் யானை இருக்கத்தான் செய்தது: பாடம் செய்து நிறுத்திவைத்திருக்கும் ஒரு தந்த யானை. ஊர்வலம் இல்லை. “அது காலையிலேயே முடிஞ்சு போச்சாம்” என்று ஓட்டோக்காரர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்குப் பரிகாரமாக, அன்று ஒருநாள் மட்டும் வரியில்லாமல் விற்கிற இரத்தினக் கடை ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போனார். அங்கே தேநீர் கொடுத்தார்கள். நீலக்கல் ஒன்றை இடுக்கியிலே பிடித்து, லைட்டரின் சுவாலையில் காட்டி, வெடிக்கவில்லை பாருங்கள் என்றார்கள். கண்ணாடித் துண்டு ஒன்றில் கல்லால் கோடு கிழித்து, கீறுகிறது பாருங்கள் என்றார்கள். நானும் பார்த்தேன், வாங்கினேன். கையில் இருந்த பணம் குறைவு, ஆகவே நஷ்டமும் குறைவு. திரும்பி வந்து இறங்கியபோது, ஐந்நூறு ரூபாய் என்று முதலில் பேசியிருந்த ஓட்டோக்காரர், அது இந்திய ரூபாய்க் கணக்கு என்று சாவதானமாகச் சொன்னார். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் ஏறக்குறைய மூன்றரை என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் விலை விளங்கும்.

இந்த வஞ்சனையின் சூட்சுமம் முழுவதும் “இண்டைக்கு மட்டுந்தான்” என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. யோசிப்பதற்கு அவகாசம் கொடுக்காத அந்தச் சொல், பொய்யைச் சோதிப்பதற்கும் அவகாசம் கொடுப்பதில்லை. பாங்காக் நகரத்தில் இதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. அரண்மனை வாசலில் நின்று, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று சொல்லி, பிரயாணியை இரத்தினக் கடைக்கு ஏற்றி அனுப்புவார்கள். கொழும்பில் திறந்துவிடுகிறார்கள், அங்கே மூடிவிடுகிறார்கள், கடை ஒன்றுதான்.

இதற்கு மாற்று மருந்து பஞ்சாங்கம். கங்காராமையின் நவம் பெரஹெரா 1979-இல் தொடங்கியது. யானைகள் வருவது மெய்தான், ஆனால் அது பெரும்பாலும் பிப்ரவரி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி. ஜூலை, ஆகஸ்டில் நடக்கிற புகழ்பெற்ற எசல பெரஹெரா கண்டியிலே நடப்பது, கொழும்பில் அன்று. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் விடுமுறை நாள். அன்று மதுக்கடைகள் திறக்கமாட்டா, விகாரைகளில் வெள்ளுடை தரித்த ஜனங்கள் நிறைந்திருப்பார்கள். ஆகவே திடீர் விசேஷம் என்று யாராவது சொன்னால், அன்றைக்குத் திதி என்ன என்று பார்ப்பதே போதும். இதை நான் புறப்படுமுன் பார்த்திருக்கலாம். மழை எவ்வளவு பெய்யும் என்று மட்டும் பார்த்தேன்.

கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறுகிற இடம் அது. மறுநாள் புறக்கோட்டையில், நகைக்கடைகள் வரிசையாக நிற்கிற செட்டியார் தெருவில், ஒரு முதிய பத்தரிடம் அதைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி இல்லை ஐயா, நீலந்தான். ஆனா மண்ணுக்குள்ள இருந்து வந்ததில்லை” என்றார். நீலம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதே பொருளை உலையில் உருக்கிக் கல்லாக வளர்க்கிற வித்தையை வெர்னூய் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். உலையில் பிறந்த கல்லும் நெருப்பைத் தாங்கும், அதுவும் கண்ணாடியைக் கீறும். ஆகையால் கடையில் காட்டுகிற பரீட்சைகள் கண்ணாடியை மட்டுமே விலக்குமே தவிர வேறெதையும் நிரூபிக்கமாட்டா. பூமியிலே விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும். உலைக் கல்லில் அவை வளைந்திருக்கும். அந்த வளைவைக் காண்பதற்குப் பழகின கண் வேண்டும். கல் வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள், தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக்கூடத்தில் சோதித்தபிறகே முழுப் பணம் என்ற நிபந்தனையோடு பேரம் பேசுவது நல்லது. அந்த நிபந்தனையைக் கேட்டதும் கடைக்காரரின் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு பரிசோதனைதான்.

ஓட்டோக்காரரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்கு அழைத்துப் போனால், நாம் வாங்குகிற பொருளின் விலையில் ஒரு பங்கு அவருக்குத் தரகாக வருகிறது. சவாரியே இல்லாத ஆடி மாதத்தில் வீட்டுக்கு அரிசி வாங்குவது சில நாட்களில் அந்தத் தரகுதான். ஆனால் அந்தத் தரகைச் சேர்த்துத்தான் பொருளுக்கு விலை வைக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. நம்மை நம் காசிலேயே அழைத்துப் போகிறார்கள். மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில், இலவசமாகச் சுற்றிக்காட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டு, முடிவில் நீட்டுகிற தைலக்குப்பியின் விலைக்கும் இதுவே வியாக்கியானம். ஓட்டோ விஷயத்தில் உபாயம் சுலபமானது: மீட்டர் போடச் சொல்வது, அல்லது பிக்மீ, ஊபர் போன்ற செயலிகளில் அழைப்பது. இரண்டும் இல்லையென்றால் தொகையோடு நாட்டின் பெயரையும் சேர்த்துப் பேசுவது.

பருவம் தப்பிய காலத்துக்கென்றே சில விசேஷ வலைகள் உண்டு. தென்கரையில் மிரிஸ்ஸவிலே திமிங்கிலம் பார்க்கிற காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில்; ஆடியில் அங்கே கடல் பொங்கிக்கொண்டிருக்கும்போது, “இன்றைக்குக் கட்டாயம் தெரியும்” என்று முன்பணம் கேட்பவரிடம் திமிங்கிலத்தை எதிர்பார்ப்பது வீண். அந்த மாதங்களில் கடல் அமைதியாக இருப்பது கிழக்கே, திருகோணமலைப் பக்கம். கோயில் வாசலில் நன்கொடைப் புத்தகத்தை விரித்து, நமக்கு முன் கையெழுத்திட்டவர்கள் எழுதியதாகப் பெருந்தொகைகளைக் காட்டுகிறவர் எங்கும் உண்டு. அந்தச் சைபர்களில் சில பிற்பாடு சேர்ந்தவை. காலிக் கோட்டையின் மதிலிலிருந்து கடலில் குதித்துக் காட்டுகிற வாலிபர்களையும், கொக்கலைக் கரையில் கம்பின்மேல் அமர்ந்து புகைப்படத்துக்குக் கூலி கேட்கிற மீனவர்களையும் நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கமாட்டேன். அவர்கள் வித்தை காட்டுகிறார்கள், கூலி கேட்கிறார்கள். தொகையை முதலில் பேசிவிட்டால் சண்டை இல்லை. மெய்யாகவே மோசம் போனவர்களுக்குப் போலீஸின் 119-உம், சுற்றுலாத் துறையின் 1912-உம் இருக்கின்றன.

நான் கண்டுகொண்ட விதி வேறொன்று. தானாக வந்து பேசியவரைவிட, நாமாகப் போய் விசாரித்தவர்களே நம்பத்தக்கவர்கள். பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற பள்ளிப் பிள்ளையோ, மருந்துக் கடைக்காரரோ, காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற குடும்பத்தலைவரோ, நம்மை எதிர்பார்த்து அங்கே நிற்பவர்கள் அல்லர். இந்த விதியை மிகுந்த கர்வத்தோடு இரண்டு நாள் அனுசரித்தேன்.

மூன்றாம் நாள் கொள்ளுப்பிட்டியில் விடுதி வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர், நான் கேளாமலே, “இண்டைக்கு ஆடிவேல் ஐயா. செட்டியார் தெருவில இருந்து தேர் வரும். பாக்காமப் போயிடாதீங்கோ” என்றார். நான் புன்னகை செய்தேன். யானை எத்தனை என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. இரத்தினக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டேன், அதுவும் விளங்கவில்லை. வெற்றிவீரனைப் போல மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருட்டி வெகுநேரத்துக்குப் பின், மழை விட்ட தருணத்தில், நாதஸ்வரம் கேட்டது. ஒலிபெருக்கியில் அல்ல. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு காலி வீதிக்கு நான் ஓடிவந்தபோது, தேர் கடந்து போயிருந்தது. தார் ரோட்டில் உடைத்த தேங்காய்ச் சில்லுகள் ஈரத்தில் வெண்மையாகக் கிடந்தன. வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருந்த அம்மாள் ஒருவர் விளக்கை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தில் கதிரேசன் கோயில் வேல் வீதியுலா வருவது கொழும்பில் எத்தனையோ தலைமுறை வழக்கம் என்பது, பஞ்சாங்க மகிமையைப் பற்றி இவ்வளவு பேசிய எனக்குத் தெரியாமல் போயிற்று.

வாசலில் அதே ஓட்டோ நின்றது.

“நான் சொன்னேன்தானே” என்றார் அவர். “ஏறுங்கோ, பம்பலப்பிட்டிக் கோயிலடிக்கு முன்னால பிடிச்சிடலாம்.”

எவ்வளவு என்று கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தபிறகு, அவர் கையை நீட்டி மீட்டரைத் தட்டிவிட்டார்.