பூச்செண்டுத் தூது

தூது என்னும் சிற்றிலக்கிய வகையை அறியாத தமிழாசிரியர் இலர். பிரிவால் வருந்தும் தலைவி அன்னத்தையோ கிளியையோ தென்றலையோ தன் நெஞ்சையோ தலைவனிடம் தூதாக அனுப்புகிறாள். சென்ற தூது வெறுங்கையோடு திரும்புதல் கூடாது; தலைவனின் மாலையைக் கேட்டு வாங்கி வருதல் வேண்டும் என்பது அவ்விலக்கியத்தின் மரபு. இங்கிருந்து சொல் செல்கிறது. அங்கிருந்து மலர் வருகிறது. பாட்டுலகத்தில் அம்மலர் வழியில் வாடுவதில்லை.

நடைமுறை உலகத்தில் மலர் வாடும். ஆயினும், சிங்கப்பூரில் வாழும் தம்பி ஒருவன் இலண்டனில் வாழும் தமக்கைக்குப் பிறந்தநாள் பூச்செண்டு அனுப்ப விரும்பி இங்கே நண்பகலில் பணம் கட்டினால், அங்கே அன்று மாலைக்குள் செண்டு அவள் வாயிலுக்கு வந்துவிடுகிறது. விமானமே பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டிய தொலைவை அப்பூ எவ்வாறு கடந்தது? அது கடக்கவே இல்லை என்பதுதான் விடை. கடல் கடந்தது சொல் மட்டுமே. தமக்கையின் தெருவுக்கு அண்மையில் உள்ள பூக்கடைக்காரர் ஒருவர், தம் கடையில் இருந்த பூவை எடுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் பின்னே நின்று அதனைத் தாங்குவது நம்பிக்கை.

பூ ஏன் வாடுகிறது?

கொய்த பூ இறந்த பொருள் அன்று. செடியிலிருந்து பிரிந்த பின்னும் அது மூச்சு விடுகிறது. இதழ் வழியாகவும் இலை வழியாகவும் நீரை இழக்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யத் தண்டினுள் மயிரினும் மெல்லிய நீர்க்குழாய்கள் உள்ளன. தண்டை வெட்டியதும் அக்குழாய்களின் வாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. சாடியின் நீரில் பெருகும் நுண்ணுயிர்களும் அதே வாயை அடைக்கின்றன. நீர் நிறைந்த சாடியில் நிற்கும் ரோஜா கழுத்து ஒடிந்து தொங்குவது இதனாலேயே ஆகும். தண்டின் அடியை மறுபடி சாய்வாக வெட்டுதலும், நீரில் அமிழும் இலைகளைக் களைதலும், நீரை அடிக்கடி மாற்றுதலும் இவ்வடைப்பை நீக்கும் வழிகள்.

இன்னொரு பகை எத்திலீன் என்னும் வளி. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் இதனை வெளியிடுகின்றன. கார்னேஷன், ஆர்க்கிட் போன்ற பூக்கள் இவ்வளி பட்டால் விரைவில் முதுமை எய்தும். எனவே பூச்சாடியைப் பழத்தட்டின் அருகே வைத்தல் ஆகாது.

குளிர் இவற்றுக்கெல்லாம் ஓரளவு மருந்து. குளிரில் பூவின் மூச்சு தணிகிறது. கென்யாவிலும் கொலம்பியாவிலும் விளையும் ரோஜா, முழுதும் விரியாத மொட்டாக, கட்டுக்கட்டாகக் குளிரில் அடைக்கப்பட்டு விமானம் ஏறுகிறது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஏலச் சந்தை இத்தகைய வாணிகத்தால் உலகப் புகழ் பெற்றது. கேமரன் மலையின் செவ்வந்தியும் பெட்டிகளில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கி வருகிறது. ஆயினும் குளிரெல்லாம் எல்லாப் பூவுக்கும் பொருந்தாது. ரோஜாவைக் காக்கும் கடுங்குளிரில் வெப்ப நாட்டு ஆர்க்கிட் கருகிப்போகும்.

ஆகவே பூ பயணம் செய்யவல்லதே. ஆனால் மொட்டாக, ஒரே இனமாக, குளிரில் உறங்கியபடி பயணம் செய்ய வல்லது. பல இனப் பூக்களை மலர்ந்த நிலையில் சேர்த்துக் கட்டிய செண்டு அவ்வாறு நெடுந்தொலைவு செல்லாது. உறங்கிய பூவை எழுப்பி, நீரூட்டி, கட்டி, அன்றே கையில் சேர்க்கும் இறுதிப் பணியைப் பெறுபவரின் ஊரில் உள்ள ஒருவரே செய்ய இயலும்.

தந்தி வழி வந்த பூ

இவ்வுண்மையை வாணிகமாக்கியவர்கள் மேலைநாட்டுப் பூக்கடைக்காரர்கள். 1908-ஆம் ஆண்டில் பெர்லின் நகரப் பூ வணிகர் மாக்ஸ் ஹூப்னர், வெவ்வேறு ஊர்க் கடைக்காரர்களை ஒரு சங்கமாக இணைத்தார். ஓர் ஊரில் பணம் பெற்று மற்றோர் ஊரில் பூக் கொடுப்பதே அதன் நோக்கம். பின்னாளில் அது ஃபிளூரோப் என்னும் பெயர் பெற்றது. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கூடிய பூக்கடைக்காரர்கள் பதினைவர் இதைப் போன்ற சங்கம் ஒன்றைத் தொடங்கினர். செய்தி தந்தியில் சென்றதால் ‘பூக்கடைக்காரர் தந்தி வழங்கல்’ என்று அதற்குப் பெயர் அமைந்தது. 1914-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சின்னம், காலில் சிறகு பூண்டு விரையும் மெர்க்குரி. உரோமர் தெய்வங்களுள் தூது செல்வது அது. தூதுக்கும் மலருக்கும் உள்ள உறவு அவர்கள் மனத்திலும் தோன்றியிருப்பது எண்ணத்தக்கது.

1923-இல் அச்சங்கத்தின் பிரிட்டிஷ் கிளை அமைந்தது. 1946-இல் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பியச் சங்கங்கள் மூன்றும் இணைந்து இண்டர்ஃபிளோரா என்னும் உலக அமைப்பைக் கண்டன. நாட்டுக்கு நாடு நாணயம் வேறு. மதிப்பும் நாளுக்கு நாள் மாறுவது. எனவே சுவிஸ் பிராங்கை அடிப்படையாகக் கொண்டு ‘புளூரின்’ என்னும் கணக்கு அலகு ஒன்றை வகுத்து, அதனாலேயே ஒருவருக்கொருவர் வரவு செலவு தீர்த்துக்கொண்டனர். கையில் எடுத்துப் பார்க்க முடியாத அந்நாணயம் பூவுக்காகவே பிறந்தது.

பணம் பெற்ற கடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தன் கூலியாக வைத்துக்கொள்ளும். எஞ்சிய தொகையில் நடுவில் உள்ள சங்கத்தின் கட்டணம் போக, மற்றது பூக் கொடுத்த கடைக்குச் சேரும். இது நெடுங்காலம் வழங்கிய முறை. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பணம் கொடுத்தவர் தாம் வாங்கிய பூவைப் பார்ப்பதில்லை. பூப் பெற்றவர் அதன் விலையை அறிவதில்லை. வாங்குபவர் கண்ணே எந்தப் பண்டத்துக்கும் காவல். இங்கே அக்காவல் இல்லை. கட்டும் கடைக்காரரின் நாணயம் ஒன்றே காவல்.

ஒரு பூ, பல பொருள்

ஊர்க் கடைக்காரரின் கை வேண்டப்படுவது வாடாமைக்காக மட்டும் அன்று. பொருள் மாறாமைக்காகவும் ஆகும். செவ்வந்தி ஒன்றையே சான்றாகக் கொள்ளலாம். தமிழர் அதனைச் சாமந்தி என்றும் வழங்கி, பூசைக்கும் திருமணத்துக்கும் மாலையாகத் தொடுப்பர். பிரான்சு நாட்டில் நவம்பர் முதல் நாளையொட்டிக் கல்லறைகளில் வைக்கும் பூ அதுவே. ஆகையால் விருந்துக்குச் செல்வோர் அதனைக் கொண்டு செல்லார். சீனர் வெண்ணிறச் செவ்வந்தியையும் மஞ்சட் செவ்வந்தியையும் இறுதிச் சடங்கோடும் முன்னோர் வழிபாட்டோடும் இணைப்பர். ஜப்பானில் பேரரசக் குடும்பத்தின் முத்திரை செவ்வந்தி; ஆனால் வெண் செவ்வந்தி அங்கும் துக்க வீட்டுக்கு உரியது.

எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. ரஷ்யாவில் மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் செண்டில் பூக்கள் ஒற்றைப்படையில் இருத்தல் வேண்டும். இரட்டைப்படை இறந்தோருக்கு உரியது. தமிழரிடையே பூ வட்டமாகக் கட்டப்பட்டு மலர்வளையம் ஆயின் அது துக்கத்தையே உணர்த்தும். தொலைவில் இருந்து அனுப்புவோர் இவற்றையெல்லாம் அறிந்திருத்தல் அரிது. இன்ன நிகழ்ச்சிக்கு என்று சொன்னால் போதும். எதைக் கட்ட வேண்டும் என்பதோடு எதைக் கட்டக் கூடாது என்பதையும் உள்ளூர்க் கடைக்காரர் அறிவார்.

செண்டும் சரமும்

தமிழர் பூக்கொடை பெரும்பாலும் காம்பு நீண்ட செண்டு அன்று. காம்பு குறுகிய பூவை நாரால் தொடுத்த சரமும் மாலையுமே ஆகும். இரண்டுக்கும் இயல்பு வேறு. செண்டு நீரில் நிற்கும். ரோஜா ஒரு வாரமும் செவ்வந்தி அதற்கு மேலும் தாங்கும். சரம் நீரைப் பருக வழியில்லாதது. காலையில் மொட்டாகக் கொய்த மல்லிகை மாலையில் விரிந்து மணந்து மறுநாள் வாடும். ஒரு நாளே அதன் வாழ்வு என்பதை அறிந்தே அது கொடுக்கப்படுகிறது. பெறுபவரும் அதைச் சாடியில் இட்டுக் காப்பதில்லை, கூந்தலில் சூடுகிறார்.

அதனால் அண்மைப் பூக்கடை தமிழருக்குப் புதியது அன்று. தமிழ்நாட்டில் வாடிக்கைப் பூக்காரி நாள்தோறும் வீட்டு வாயிலில் முழம் அளந்து கொடுத்துச் செல்லும் வழக்கம், பூவை வீடு தேடிச் சேர்க்கும் வாணிகத்தின் பழைய வடிவமே. சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்திலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் பூத் தொடுப்போர் இம்மரபைக் காத்து வருகின்றனர். அங்கே தொடுக்கப்படும் மல்லிகையில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து மொட்டாக விமானத்தில் வருகிறது. பூவைப் பிறர் விளைவிக்கலாம். கண்ணெதிரே தொடுக்கும் விரலை எந்த விமானமும் கொண்டுவர இயலாது.

வாணிகமும் வருத்தமும்

1917-இல் அமெரிக்கப் பூ வணிகர்கள், சொல்ல வேண்டியதைப் பூவால் சொல்லுங்கள் என்னும் பொருள்பட ஒரு விளம்பர வாசகத்தைப் பரப்பினர். அது பெரும் புகழ் பெற்றது. பூவால் சொல்வது எளிதாயிற்று. ஆனால் சொல்வதற்கு உள்ளத்தில் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது மறக்கப்பட்டது.

இதனை முதலில் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் அன்னா ஜார்விஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1908-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் கிராப்டன் நகர்த் தேவாலயத்தில் அன்னையர் நாள் கொண்டாடப்பட்டபோது, தம் தாய்க்கு விருப்பமான வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500-ஐ அவர் அங்கு அனுப்பி வைத்தார். 1914-இல் அந்நாள் அமெரிக்க நாட்டின் சிறப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பூவும் இனிப்பும் அச்சிட்ட அட்டையும் அந்நாளை விழுங்குவதைக் கண்ட அவர், தாம் தொடங்கிய விழாவின் வாணிகத்தையே எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடினார், 1948-இல் மறைந்தார். தாய்க்குத் தம் கையால் ஒரு மடல் எழுதாமல் அச்சிட்ட வாசகத்தை விலைக்கு வாங்குவது அன்பாகாது என்பதே அவர் கருத்து.

இன்று இன்னொரு கேடும் சேர்ந்துள்ளது. தமக்கென ஒரு கடையும் இன்றி, எல்லா ஊரிலும் கடை உள்ளவர் போல் பெயர் காட்டி, கணினி வழியாகப் பணம் பெறும் இடைத்தரகர்கள் பலர் தோன்றியுள்ளனர். அவர்கள் தம் பங்கை எடுத்துக்கொண்டு, குறைந்த தொகையை உள்ளூர்க் கடைக்குத் தள்ளுகின்றனர். அத்தொகைக்கு ஏற்பச் செண்டு சிறுக்கிறது. அனுப்பியவர் ஏமாறுகிறார், பெற்றவர் நன்றி சொல்லிப் பேசாதிருக்கிறார், பழி மட்டும் கட்டிக் கொடுத்த கடைக்காரரைச் சேர்கிறது.

கையுறை மறுத்தல்

இன்று கைக்கு அணியும் உறையைக் குறிக்கும் ‘கையுறை’ என்னும் சொல், பண்டை அகப்பாட்டில் தலைவன் கொண்டுவரும் அன்பளிப்பைக் குறித்தது. குறுந்தொகையின் முதற் பாட்டே தோழி கையுறை மறுத்ததாக அமைந்தது, பாடியவர் திப்புத்தோளார். தலைவன் காந்தள் கொண்டு வருகிறான். முருகனுக்குரிய தங்கள் மலையிலேயே காந்தள் மிகுதியாக உண்டு என்று கூறித் தோழி அதனை ஏற்காது விடுகிறாள்.

அத்தோழியின் வாதத்தை இன்றைய பூச்செண்டின் முன் வைத்தால் அது ஒரு நொடியும் நில்லாது. வந்தது பெறுபவரின் ஊர்ப் பூ. கட்டியது அவ்வூர்க் கை. கொண்டு வந்தது அவ்வூர் வண்டி. அனுப்பியவருடையது என்று அதில் எது உண்டு? நாளை மறவாமல் நினைத்த நினைவு உண்டு. இன்ன பூ அவருக்கு உவப்பானது என்ற அறிவு உண்டு. அட்டையில் எழுதிய சொல் உண்டு. இம்மூன்றும் இல்லையேல் அது பணம் மட்டுமே, மறுக்கத்தக்க கையுறையே.

ஆகவே பூ அனுப்புவோர் செய்யத்தக்கவை சில. பெறுபவரின் ஊரில் உண்மையாகவே கடை வைத்திருப்பவரைக் கண்டறிந்து, கூடுமானால் அவரிடமே நேரிற் பேசுதல் நன்று. நிகழ்ச்சி இன்னது, பெறுபவர் இன்ன வயதினர், இத்தனை வெள்ளி செலவிடலாம் என்று தெளிவாகக் கூறி, அவ்வூரில் அப்பருவத்தில் நல்ல பூ எதுவோ அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அவருக்கே விடுதல் வேண்டும். படத்தில் கண்ட பூவே வேண்டும் என்று வற்புறுத்தினால் வாடிய பூவே வந்து சேரும். முகவரியோடு தொலைபேசி எண்ணையும், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் தருதல் வேண்டும். பூட்டிய கதவின் முன் வெயிலில் காத்திருக்கும் பூவுக்கு மறுவாழ்வு இல்லை.

அட்டையின் வாசகத்தை மட்டும் கடைக்காரரிடம் விடுதல் ஆகாது. அச்சிட்ட வாழ்த்துகளுள் ஒன்றைச் சுட்டிக் காட்டுவதினும், இரண்டே வரி ஆயினும் சொந்தத் தமிழில் எழுதுதல் சிறப்பு. தமிழில் எழுத வசதியில்லாத ஊர்க் கடையாயின், கையால் எழுதிய தாளைப் படமாக அனுப்பி அட்டையோடு சேர்க்கக் கேட்கலாம். ஒரு வாரத்தில் செண்டு குப்பைக்குப் போகும். அவ்விரண்டு வரியைப் பெட்டிக்குள் எடுத்து வைக்கும் தாயும் தமக்கையும் உண்டு.