சிஎன்ஜி வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் விலையுயர்ந்த உலோகம்

காஞ்சிபுரத்தில் ஜரிகை தெரியாத வீடு இருக்காது. பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசுவார்கள். விலை கூடிய உலோகம் மேற்பரப்பில் மட்டும். சிஎன்ஜி வண்டிகளின் புகைக்குழாயிலும் இதே சிக்கனம்தான்.

சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன். எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதை வழியிலேயே எரிக்கத்தான் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற பெட்டி. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் பூச்சில் பல்லேடியம் முதலான உலோகங்களின் நுண்துகள்கள். மீத்தேனை எரிப்பதில் பல்லேடியத்துக்கு ஈடு குறைவு.

சிக்கல் அதன் ஆயுளில் இருக்கிறது. கடும் சூட்டில் துகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. எடை குறைவதில்லை, வாயு தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. கந்தகமும் நீராவியும் மீதியைக் கெடுக்கின்றன. மீத்தேன் எரிந்தாலே நீராவி வரும், தவிர்க்க முடியாது.

ஆகவே துகள்களை நகரவிடாமல் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். 2012இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், பல்லேடியத் துகளைச் சீரியம் ஆக்சைடு உறையால் மூடினார்கள். அது 850 டிகிரி சூட்டைத் தாங்கியது. 400 டிகிரிக்குக் கீழேயே மீத்தேனை முழுதும் எரித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். எஸ். ஹெக்டே குழுவினர் பல்லேடியத்தைத் துகளாகவே வைக்கவில்லை. அயனிகளாகச் சீரியம் ஆக்சைடின் படிகத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். முலாம் பூசுவதற்கும் சேர்த்து நெய்வதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆட்டோ ஓட்டும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத வாயு அந்தப் பெட்டிக்குள் போய் எரிந்து சூட்டை ஏற்றும். ஸ்பார்க் பிளக்கைக் காலத்தில் மாற்றுங்கள். பழைய பெட்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள்.