போருக்கு மூலம் யாது?

போர் என்னும் பேரிடர் மக்களைப் பற்றுவதற்கு மூலகாரணம் யாது என்னும் வினா மிகப் பழமையானது. மதமே காரணம் என்பர் ஒரு சாரார். குலத்தானும் மொழியானும் வேறுபட்ட இனங்கள் ஒன்றையொன்று பகைத்தலே காரணம் என்பர் மற்றொரு சாரார். இவையெல்லாம் வெளிவேடமே, அதிகாரப் பேராசையே உண்மைக் காரணம் என்பர் வேறு சிலர். இவற்றைப் பொதுப்பட நின்று வாதித்தால் வாதம் வளருமேயன்றி உண்மை புலப்படாது. ஆதலின், மதப்போர் என்றே பலராலும் கூறப்படும் ஒரு போரை எடுத்து ஈண்டு ஆராய்வாம். 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நாடுகளைப் பாழ்படுத்திய முப்பதாண்டு யுத்தமே அது.

அக்காலத்து ஜெர்மனி ஒரே அரசன்று. சிற்றரசர், மேற்றிராணிமார், சுயேச்சை நகரத்தார் ஆகியோருடைய பல நூறு ஆட்சிகள், பரிசுத்த ரோம சாம்ராஜ்யம் என்னும் பெயரால் ஒரு சக்கரவர்த்தியின்கீழ் அடங்கியிருந்தன. லூத்தரின் சீர்திருத்தத்திற்குப்பின் எழுந்த பூசல்களைத் தீர்க்கும்பொருட்டு 1555-இல் அவுக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கத்தோலிக்க மதம், லூத்தரன் மதம் ஆகிய இரண்டனுள் அரசன் தழுவியது எதுவோ அதுவே அவன் நாட்டிற்கும் மதம் என்பது அதன் சாரம். ஆயினும் கல்வினைப் பின்பற்றியோர்க்கு அதில் இடமே இல்லை. அன்றியும், திருச்சபை நிலங்களைப்பற்றிய விதிகளுக்கு இரு கட்சியாரும் தத்தமக்கு இசைந்தவாறு பொருள் கொண்டனர். சட்டம் தெளிவற்றிருந்தமையால் ஒவ்வொரு கட்சியாரும் மற்றவரை அஞ்சி வாழ்ந்தனர்.

இவ்வச்சம் முதன்முதல் தீப்பற்றிய இடம் போஹீமியா. அந்நாட்டுப் புரோட்டெஸ்டாண்டார்க்கு 1609-இல் எழுத்து மூலமாக வழங்கப்பட்ட மதச் சுதந்தரம் மீறப்படுகிறது என்னும் குறை எழுந்தது. 1618-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பிராக் நகரத்து அரண்மனையுட் புகுந்த பிரபுக்கள், அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்தம் காரியதரிசியையும் சாளரத்தின் வழியே கீழே எறிந்தனர். எறியப்பட்ட மூவரும் உயிர் பிழைத்தனர்; நாட்டின் அமைதி பிழைக்கவில்லை. மறு ஆண்டில் அவர்கள் தம் அரசனாகிய பெர்டினாண்டை விலக்கி, கல்வின் மதத்தவனாகிய ஐந்தாம் பிரெடரிக்கை அரசனாக்கினர். அதே ஆண்டில் பெர்டினாண்டு சக்கரவர்த்தியானான். 1620 நவம்பரில் வெண்மலைப் போரில் கலகக்காரர் முறியடிக்கப்பட்டனர்.

இது செக் இனத்தார்க்கும் ஜெர்மானியர்க்கும் நிகழ்ந்த இனப்போரோ? அன்று. கலகத்தின் முதல்வருள் ஒருவனாகிய தூர்ன் பிரபு ஜெர்மன் மொழியினன். 1621 ஜூன் மாதத்தில் பிராக் நகரச் சதுக்கத்தில் மரண தண்டனை பெற்ற தலைவர் 27 பேர். அவர்களுள் செக் மொழியினரும் ஜெர்மன் மொழியினரும் கலந்திருந்தனர். கத்தோலிக்கர் ஒருவரும் இருந்தார்.

அங்ஙனமாயின் மதமோ? மதப்பற்றை வெறும் வேடமென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இரண்டாம் பெர்டினாண்டு தன் மதத்தை நிலைநாட்டுதல் தன் கடமையென மெய்யாகவே நம்பினான். 1552-க்குப்பின் புரோட்டெஸ்டாண்டார் கைக்கொண்ட திருச்சபை நிலங்களையெல்லாம் திருப்பித் தரவேண்டுமென்று 1629-இல் அவன் பிறப்பித்த கட்டளை, தன்னோடு நட்புப் பூண்டிருந்த லூத்தரன் அரசரையும் பகைவராக்கத்தக்கது என்று அறிந்தும் பிறப்பித்தான். 1631-இல் மக்டபர்க் நகரம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் மாண்டபோது, அச்செய்தி ஐரோப்பா முழுதும் புரோட்டெஸ்டாண்டாரின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது.

ஆனால் யார் யாருடன் சேர்ந்து நின்றனர் என்பதை நோக்குக. 1620-இல் லூத்தரனாகிய சாக்சனி அரசன் கத்தோலிக்கச் சக்கரவர்த்திக்குத் துணைநின்று, லுசாத்தியா என்னும் நாட்டைக் கைக்கொண்டான். பவேரியாவின் மாக்சிமிலியன் தன் படையுதவிக்குக் கைம்மாறாக, சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1623-இல் பிரெடரிக்கிடமிருந்து தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். 1631-இல் லூத்தரனாகிய சுவீடன் அரசன் குஸ்தாவ் அடால்புக்குப் பொன் கொடுத்துப் போர் நடத்தச் செய்தவர், பிரான்சு தேசத்து மந்திரியாகிய ரிஷ்லியூ. அவர் ரோமச் சபையின் கர்தினால்! ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் ஹாப்ஸ்பர்க் என்னும் ஒரே குலத்தார் கையில் இருந்தமையால், தம் நாடு இருபுறமும் நெருக்குண்ணும் என்று அவர் அஞ்சினார். 1635-இல் லூத்தரன் அரசருட் பெரும்பாலார் சக்கரவர்த்தியோடு சமாதானம் செய்துகொண்டனர். மதமே காரணமாயின் போர் அன்றே முடிந்திருத்தல் வேண்டும். அதே ஆண்டில் கத்தோலிக்கப் பிரான்சு கத்தோலிக்க ஸ்பெயின்மீது போர் தொடுத்தது; ஜெர்மனி இன்னும் 13 ஆண்டு எரிந்தது. 1643-இல் சுவீடன் தன்னைப்போலவே லூத்தரன் மதத்ததாகிய டென்மார்க்கின்மேற் படையெடுத்தது. எரிகிற வீட்டிற் பிடுங்கினது இலாபம் என்னும் பழமொழிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நான்காவதாகவும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பலர் எண்ணுவதில்லை. வாலன்ஸ்டைன் முதலிய சேனாதிபதிகள் பெரும்படைகளைத் திரட்டி, அவை தங்கிய ஊர்களிடமே பணமும் தானியமும் தண்டி அவற்றைப் பேணினர். பிடிபட்ட வீரர் வென்றவர் படையிலேயே சேர்ந்து ஊதியம் பெற்றனர். போர் நின்றால் பிழைப்பு நிற்கும் நிலைமை இவ்வாறு பல்லாயிரவர்க்கு உண்டாயிற்று. வாளினும் பஞ்சமும் கொள்ளைநோயுமே மிகுதியான உயிர்களைக் கவர்ந்தன. ஜெர்மானிய மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் அழிந்தனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினர் என்றும் சரித்திர ஆசிரியர் பலவாறு கணக்கிடுவர்.

நோயின் மூலத்தை அதனைத் தீர்த்த மருந்தைக்கொண்டும் அறியலாம். 1648 அக்டோபர் 24-இல் முடிவான வெஸ்ட்பாலியா உடன்படிக்கையால் சுவீடனும் பிரான்சும் நிலம் பெற்றன. இது மண்ணாசைக்கு இட்ட உணவு. ஆயினும் அதனுள் வேறு மூன்று விதிகளும் இருந்தன. கல்வின் மதத்தார்க்குச் சட்டத்தில் இடம் தரப்பட்டது. திருச்சபைச் சொத்துக்கள் 1624 ஜனவரி முதல் நாளில் எவரிடம் இருந்தனவோ அவரிடமே இருத்தற்பாலன என்று பொதுவாக வரையறுக்கப்பட்டது. சாம்ராஜ்ய சபையில் மத விஷயங்களைப் பெரும்பான்மை வாக்கால் தீர்க்கலாகாது, இரு கட்சியாரும் பேசி இணங்கியே தீர்க்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பாப்பரசர் பத்தாம் இன்னொசெந்து கண்டித்தும் இவ்விதிகள் நிலைத்தன. அதன்பின் மதங்கள் ஒன்றாகிவிடவில்லை, அரசர்தம் ஆசையும் குன்றவில்லை, போர்களும் ஓயவில்லை. எனினும், மதக்கட்சிகளாகப் பிரிந்து நின்று ஜெர்மனி தன்னைத்தானே இவ்வாறு அழித்துக்கொள்ளும் போர் மீண்டும் நிகழவில்லை. வேற்றுமை அப்படியே இருந்தது. அதனைச் சூழ்ந்திருந்த அச்சமே நீங்கிற்று.

ஆகவே எமக்குத் தோன்றும் முடிபு இது. மத வேற்றுமையோ இன வேற்றுமையோ தனித்து நின்று போரைப் பிறப்பிப்பதில்லை. தமக்கு நீதி கிடையாதென்று ஒரு சாரார் அஞ்சும்போது அவ்வேற்றுமை உலர்ந்த விறகாகிறது. அதிகாரத்தை விரும்புவோர் அதிற் கொள்ளி வைக்கின்றனர். போரால் வயிறு வளர்ப்போர் அதனை அணையவிடார்.

பிராக் நகரில் தொடங்கிய போர் பிராக் நகரிலேயே ஓய்ந்தது. 1648-இல் சுவீடன் படை அந்நகரின் ஒரு பகுதியையும் அரண்மனையையும் கைப்பற்றிற்று. ஆற்றின் மறுகரையில் இருந்த பழைய நகரைப் பல்கலைக்கழக மாணவரும் நகரத்தாரும் பாலத்தில் நின்று காத்தனர். புரோட்டெஸ்டாண்டு மதத்தைக் காக்க வந்தோம் என்ற அச்சேனை அரண்மனையிலிருந்து கொள்ளைகொண்ட பொருள்களுள், ஊதாநிறத் தோலில் வெள்ளி எழுத்தாற் பொறித்த பழைய கோத்திய மொழிச் சுவிசேஷப் பிரதியும் ஒன்று. அது இன்றும் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உள்ளது. அப்பாலத்தில் நின்ற மாணவர், தாம் பிறக்குமுன் பிறர் மூட்டிய தீயில் நின்றனர்.

பல மதத்தாரும் பல குலத்தாரும் ஒரே வகுப்பிற் கூடியிருந்து பயிலும் நாம் இதனை மறத்தலாகாது. மதத்தின் பெயராலோ இனத்தின் பெயராலோ எவரேனும் நம்மைப் பகைமைக்கு அழைப்பின், மூன்று வினாக்களைக் கேட்போமாக. கூறப்படும் குறை மெய்யாயின், அதனை நீதிமுறையால் தீர்க்க வழியில்லையோ? இப்பகைமையால் நிலமும் பதவியும் பெறுவோர் யாவர்? நம் மதத்தார் சிலர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது ஏன்? இவற்றிற்கு விடை கிடைக்குமளவும் கையை ஓங்காதிருத்தலே கற்றார்க்கு அழகு.