மூணு விநாடி மௌனம்... மைக் க்ளோஸ்! ஆங்கிலத் தேர்வில் ஒரு படம் படுத்தும் பாடு

இரவு பத்தரை மணி. திருச்சியில் பெரியப்பா வீட்டு ஹாலில் டி.வி மியூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா கையில் போன். அதில் டைமர். எதிரே சுவரில் மளிகைக்கடை காலண்டர். அதில் மயிலோடு முருகன்.

``ரெடி... ஆரம்பி!''

அக்கா ஆங்கிலத்தில் தொடங்கினாள். நடுவில் ஒரு கடவுள் நிற்கிறார், பக்கத்தில் மயில், பின்னால் மலை, மேலே மேகம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ``அடியே, வேலை விட்டுட்டியே!'' என்றார் பெரியம்மா. அக்கா நிறுத்தி, காலண்டரைப் பார்த்து, `வேலுக்கு இங்கிலீஷ்ல என்ன?' என்று யோசித்தாள். அவ்வளவுதான்.

``போச்சு. மூணு விநாடி ஆயிடுச்சு. மைக் மூடியிருக்கும்'' என்று சோபாவில் சாய்ந்தாள்.

இது ஏதோ விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவுக்கு அது விசா விஷயம்.

அக்கா சிவில் இன்ஜினீயர். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற, திறன் அடிப்படையிலான விசாவுக்கு முயற்சி செய்கிறாள். அங்கே எல்லாமே பாயின்ட் கணக்கு. விண்ணப்பிக்கவே குறைந்தது 65 பாயின்ட் வேண்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 பாயின்ட். 33 ஆகிவிட்டால் 25தான். அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. அக்காவுக்கு வரும் மாசியில் 33 முடியும். போகப்போகும் அந்த 5 பாயின்ட்டை ஈடுகட்ட அவளுக்கு இருந்த ஒரே வழி ஆங்கிலம். `புரொஃபிஷியன்ட்' என்ற நிலையை எட்டினால் 10 பாயின்ட், `சுப்பீரியர்' என்றால் 20.

அதற்காக அவள் எழுதியது பி.டி.இ அகாடமிக் தேர்வு. `எழுதியது' என்று பழக்கத்தில் சொல்கிறோம். ஆனால், அக்காவைப் படுத்தியது பேச்சுப் பகுதி. அதிலும் `டிஸ்கிரைப் இமேஜ்'.

திரையில் ஒரு படம் வரும். பார் சார்ட், பை சார்ட், மேப், தவளையின் வாழ்க்கைச் சுழற்சி, ஏதாவது ஓர் அறையின் புகைப்படம் என எதுவாகவும் இருக்கலாம். பார்த்து யோசிக்க 25 விநாடி. `பீப்' சத்தம் கேட்டதும் பேச 40 விநாடி. நடுவில் மூன்று விநாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். மறுபடி பேச வாய்ப்பில்லை, அடுத்த படம் வந்துவிடும்.

ஐ.இ.எல்.டி.எஸ் தேர்விலும் வரைபடம் உண்டு. ஆனால், அங்கே அது எழுத்துப் பகுதியில் வரும். 150 வார்த்தைகள் எழுத 20 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பேச்சுப் பகுதியில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், தலையாட்டுவார். பி.டி.இ-யில் எதிரே இருப்பது கணினி. டுவோலிங்கோ தேர்விலும் படம் பார்த்துப் பேச வேண்டும். யோசிக்க 20 விநாடி தந்து, குறைந்தது 30 விநாடியாவது பேசச் சொல்கிறார்கள். கனடாவுக்கான செல்பிப் தேர்வில் ஒரு காட்சியை வர்ணிக்க 30 விநாடி தயாரிப்பு, 60 விநாடி பேச்சு. எல்லாவற்றிலும் கடிகாரம்தான் வில்லன்.

அக்கா முதல் முறை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை வந்து தேர்வு எழுதினாள். பாஸ்போர்ட்டைக் காட்டி, உள்ளங்கையை ஸ்கேன் செய்து, ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தால், அதே அறையில் வரிசையாக எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ``சந்தையில உக்காந்து ஜபம் பண்ற மாதிரிடி'' என்றாள். குறிப்பு எழுத அழித்து எழுதும் நோட்டும் பேனாவும் தருவார்கள். 25 விநாடியில் அக்கா முதல் வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொண்டிருந்தாள். பீப் கேட்டபோது படத்தில் பாதியைப் பார்த்திருக்கவே இல்லை.

அடுத்த படத்தில் வேறு சிக்கல். ஒருமைக்குப் பதில் பன்மை சொல்லிவிட்டாள். சைட்டில் கொத்தனாரிடம் பேசினாலும், டெல்லி ஆபீஸுடன் ஆங்கிலத்தில் பேசினாலும் தப்பு வந்தால் திருத்திச் சொல்வது அவள் வழக்கம். இங்கேயும் `ஸாரி' என்று நிறுத்தி, சரியான வாக்கியத்தை மனதில் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் மைக் மூடிவிட்டது.

முடிவு வந்தது. மற்ற மூன்று பகுதிகளிலும் தேவையான மதிப்பெண். பேச்சில் 71. வேண்டியது 76.

ஆகஸ்ட் 2025-க்கு முன்னால் எழுதியிருந்தால் அதே 71 போதும். அதுவரை `புரொஃபிஷியன்ட்' நிலைக்கு நான்கு பகுதிகளிலும் 65 என்றுதான் இருந்தது. 2025 ஆகஸ்ட் 7 முதல் ஆஸ்திரேலிய அரசு அளவுகோலை மாற்றியது. கேட்பதற்கு 58, வாசிப்புக்கு 59 எனக் குறைந்தது. எழுத்துக்கு 69 ஆனது. பேச்சு மட்டும் ஒரேயடியாக 76-க்குத் தாவியது. `சுப்பீரியர்' என்றால் பேச்சில் 88 வேண்டும், மொத்தமே 90-க்கு! இந்தச் சின்னப் படங்களுக்கு இவ்வளவு கனம் வந்தது இதனால்தான். (பேச்சு மதிப்பெண் படங்களால் மட்டும் வருவதில்லை. வாசித்துக் காட்டுவது, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது எல்லாம் சேர்ந்துதான். ஆனால், அக்கா அவற்றில் தடுமாறவில்லை.)

``நல்லா இங்கிலீஷ் பேசுறவளுக்கு எப்படிம்மா மார்க் குறையும்?'' என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு கதை சொன்னேன். 2017-ல் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் ஒருவர், கால்நடை மருத்துவர். இரண்டு பட்டங்கள் வாங்கியவர். தாய்மொழியே ஆங்கிலம். அவருக்கு இதே தேர்வின் பேச்சுப் பகுதியில் கிடைத்தது 74, தேவைப்பட்டது 79. உலகம் முழுக்கச் செய்தியானது. தேர்வை நடத்தும் பியர்சன் நிறுவனம், தங்கள் முறையில் தவறில்லை என்றது. பெரியப்பா அரை நிமிடம் பேசவில்லை. ``அப்போ நம்ம பொண்ணு பரவாயில்ல'' என்றார்.

இந்தத் தேர்வு மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. படத்தில் இருப்பதைச் சொன்னீர்களா, தடையில்லாமல் சொன்னீர்களா, உச்சரிப்பு புரிகிறதா. இலக்கணத்துக்கென்று இந்தக் கேள்வியில் தனி மதிப்பெண் கிடையாது. அக்கா எதைத் திருத்துவதற்காக நின்றாளோ, அதற்கு மார்க்கே இல்லை. நின்றதற்குத்தான் மார்க் போனது.

எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தை எழுதித்தான் படித்தோம். தப்பு என்றால் சிவப்பு மை. பேசும்போதும் அந்த சிவப்பு மை மண்டைக்குள் வந்துவிடுகிறது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, `காட்டுகிறது' என்று முடிக்கலாம். ஆங்கிலத்தில் `ஷோஸ்' என்பது இரண்டாவதாகவே வந்து நிற்க வேண்டும். என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவாவதற்கு முன்பே வாயைத் திறக்கிற துணிச்சல் தேவைப்படுகிறது.

துணிச்சல் இல்லாதவர்களுக்கு டெம்ப்ளேட் விற்கிறார்கள். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி பத்து வாக்கியங்கள். இடையிடையே படத்தில் இருக்கும் வார்த்தைகளைச் செருக வேண்டியதுதான். அக்காவும் முதல் முறை அதை மனப்பாடம் செய்தாள். பார் சார்ட்டுக்கு ஓடியது. தோட்டம் ஒன்றின் போட்டோ வந்தபோது, `அதிகபட்ச மதிப்பு' என்று ஆரம்பித்து விழித்திருக்கிறாள். இப்போது அந்த வழியும் அடைபடுகிறது. 2025 மாற்றங்களுக்குப் பிறகு, மனப்பாட பதில்களைப் பிடிக்க கணினியோடு மனிதர்களும் பதிலின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கிறார்கள். உள்ளடக்கத்துக்குப் பூஜ்யம் விழுந்தால், எவ்வளவு அழகாக உச்சரித்திருந்தாலும் அந்தப் படத்துக்கு மார்க் இல்லை.

பிறகு அக்கா என்ன செய்தாள்? டெம்ப்ளேட்டை மூடி வைத்தாள். 25 விநாடியில் வாக்கியம் எழுதுவதை நிறுத்தினாள். தலைப்பு என்ன, பெரியது எது, சிறியது எது, வித்தியாசமாக எது. இந்த நாலை மட்டும் கண்ணால் தேடினாள். சென்னையின் மாதாந்திர மழையளவு என்று ஒரு சார்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 12 தூண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லப்போனால் ஜூனிலேயே நேரம் முடிந்துவிடும். இது சென்னையின் மழை, நவம்பர்தான் உச்சம், அக்டோபர் அதற்கு அடுத்தது, பிப்ரவரி, மார்ச்சில் மழையே இல்லாத மாதிரி, ஆகவே ஆண்டின் கடைசி மாதங்களில்தான் நகரம் நனைகிறது. ஐந்து எளிய வாக்கியங்கள், 35 விநாடி. சாதாரண வேகத்தில் 40 விநாடிக்கு 80 முதல் 100 வார்த்தைகள்தான் வரும். வேகமாகப் பேச வேண்டும் என்பதே இல்லை.

நானும் முயன்றேன். தொழிலே வர்ணிப்பதுதான் என்ற தெம்பில், வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். 11-வது விநாடியில், சுரைக்காய்க்கு முன்னால் நின்றுபோனேன். ``பேர் தெரியலைன்னா `கிரீன் வெஜிடபிள்'னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருடி. சுரைக்காய் கோவிச்சுக்காது'' என்றாள் அக்கா.

ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லாமே படம்தான். கேஸ் புக், மின்சார பில்லில் இருக்கும் கட்டம், பெரியம்மா போடும் கோலம், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. டி.வி-யை வேண்டுமென்றே சத்தமாக வைத்து, அதன் நடுவே பேசிப் பழகினாள். தேர்வறையின் சத்தத்துக்கு அதுதான் ஒத்திகை. பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டு, எத்தனை இடத்தில் `ம்ம்...' வருகிறது என்று பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். பதினொன்றில் ஆரம்பித்து இரண்டுக்கு வந்தது. வேல் மட்டும் கடைசி வரை `எ லாங் கோல்டன் திங்' ஆகவே இருந்தது. பெரியம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

போன வாரம் இரண்டாவது முறை போய் வந்தாள். மறுநாள் சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. பேச்சில் 79.

பெரியப்பா தெருமுனைக்கு ஓடி அல்வா வாங்கி வந்தார். விசா அழைப்புக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். மாசிக்குள் வருமா என்பது வேறு கதை. அல்வாவைப் பிட்டுக்கொண்டே பெரியம்மா கேட்டார்: ``ஆமா, என்னென்ன படம்டி வந்துச்சு?''

``அதைச் சொல்லக் கூடாதும்மா. பரீட்சைக்கு முன்னாடியே ஒப்புதல் வாங்கிடுறாங்க.''

``ஒரு மாசமா வீட்ல இருக்குற அத்தனையையும் காது வலிக்கச் சொன்ன. வந்ததை மட்டும் சொல்ல மாட்டியா?''